ஆர்எக்ஸ் 100 இஞ்சினை வீட்டில் பிரித்துக் கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புது பிஸ்டன், புது ரிங், புது போர் (சிலிண்டர் துளையைக் கடைந்து பெரிதாக்குவது) எல்லாம் போட்டும் இரண்டே மாதத்தில் யமஹா ஆர்எக்ஸ் 100 என்ற பழைய டூ ஸ்ட்ரோக் பைக் மறுபடி சீஸ் ஆகிவிடும், அதாவது பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகி நின்றுவிடும். பழி லேத் பட்டறைக்காரர் மேல் விழும். இல்லையென்றால் பிஸ்டன் டூப்ளிகேட் என்று முடிவு கட்டுவார்கள். ஆனால் பழைய பிஸ்டன் எதனால் போனது என்று பார்க்காமல் புதியதைப் போட்டால், அதே காரணம் இதையும் தின்றுவிடும். பெங்களூரில் வீட்டு பார்க்கிங்கில் உட்கார்ந்து இந்த வண்டியைக் கட்டுகிறவர்கள் செய்யும் முதல் தவறு, சிலிண்டரைத் தூக்கியதும் பழைய பிஸ்டனை குப்பையில் போடுவதுதான்.

அதைத் துடைக்காமல் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். சைலன்சர் பக்கம் மட்டும் உரசியிருந்தால் சூடு அதிகம், அல்லது ஆயில் போதவில்லை. சுற்றி நான்கு இடத்தில் கோடு விழுந்திருந்தால் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடைவெளி பத்தவில்லை, அல்லது குளிர்ந்த இஞ்சினை எடுத்தவுடன் முறுக்கியிருக்கிறார்கள். கார்புரேட்டர் பக்கம் சாம்பல் நிறத்தில், மணல்தாள் போட்ட மாதிரி மங்கியிருந்தால் ஃபில்டர் வழியே தூசி போயிருக்கிறது. தலை வெளுத்து, ஓரம் அரித்திருந்தால் கலவை லீன், அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போகவில்லை. இந்த நான்கில் எது என்று தெரிந்த பிறகுதான் ஸ்பேர் வாங்க ஜே.சி. ரோடு பக்கம் போக வேண்டும்.

போர் போடும் வரிசை

பலர் சிலிண்டரை முதலில் லேத்தில் கொடுத்து, "0.50 ஓவர்சைஸ் போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு, பிறகு பிஸ்டன் வாங்குகிறார்கள். வரிசை தலைகீழ். ஆர்எக்ஸ் 100-இன் ஸ்டாண்டர்ட் போர் 50 மி.மீ.; அதைவிடப் பெரிய அளவான ஓவர்சைஸ் 0.25 மி.மீ. படியாக ஏறும். ஆனால் 50.50 என்று எழுதிய இரண்டு கம்பெனி பிஸ்டன்கள் மைக்ரோமீட்டரில் ஒரே அளவு காட்டாது. 0.01, 0.02 மி.மீ. வித்தியாசம் இருக்கும். வார்ப்பு பிஸ்டனுக்கு வேண்டிய மொத்த இடைவெளியே 0.04, 0.05 மி.மீ.தான் என்பதால் அந்த வித்தியாசம் பெரியது. பிஸ்டனை முதலில் வாங்கி, பிஸ்டன் பின்னுக்கு (பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் இணைக்கும் உருளை) குறுக்காக, பிஸ்டனின் கீழ்ப் பாவாடைப் பகுதியின் அடியிலிருந்து சுமார் 10 மி.மீ. மேலே அளந்து, அந்த அளவைச் சீட்டில் எழுதி, பிஸ்டனையும் கூடவே கொடுங்கள். போரை அந்த ஒரு பிஸ்டனுக்காகவே போட வேண்டும்.

முதலில் போர் தேவையா என்பதையும் அளந்துதான் முடிவு செய்ய வேண்டும். சிலிண்டரின் மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில், நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலும் துளையின் விட்டத்தை அளக்கும் போர் கேஜ் வையுங்கள். விரல் நகத்தால் தடவி "தடம் தட்டல" என்று சொல்வது அளவு ஆகாது.

போர் முடிந்து வந்த சிலிண்டரில் போர்ட் (சிலிண்டர் சுவரில் காற்றும் புகையும் போய்வரும் துளை) ஓரங்கள் கத்தி மாதிரி கூர்மையாக நிற்கும். டூ ஸ்ட்ரோக்கில் ரிங் ஒவ்வொரு சுற்றிலும் அந்த ஓரத்தைத் தாண்டிப் போகிறது. சின்ன அரம் அல்லது மணல்தாளால் ஓரத்தை லேசாக மழுக்காமல் மாட்டினால் ரிங் ஒரு நாள் அங்கே மாட்டி ஒடியும். லேத்தில் செய்து தருவார்கள் என்று நம்பாமல், வந்ததும் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள்.

அடுத்தது கழுவுதல். இதில் அவசரப்படுகிறவர்கள்தான் அதிகம். போரைத் தேய்த்து முடிக்கும் ஹோன் கல்லின் துகள் போரின் குறுக்குக் கோடுகளுக்குள் பதிந்திருக்கும். பெட்ரோல் ஊற்றினால் எண்ணெய் போகும், துகள் போகாது. சுடுதண்ணீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் பிரஷும்தான் அதற்கு மருந்து. தேய்த்துக் காய்ந்ததும் வெள்ளைத் துணியில் 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் இஞ்சினுக்கான ஆயில்) தொட்டு உள்ளே துடையுங்கள். துணியில் சாம்பல் நிறம் வந்தால் மறுபடி கழுவ வேண்டும். துணி வெள்ளையாகவே வெளியே வரும் வரை விடாதீர்கள். மூன்று முறை ஆகலாம், ஐந்து முறையும் ஆகலாம்.

ரிங்கைப் பிஸ்டனில் மாட்டும் முன், சிலிண்டருக்குள் வைத்துப் பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, ரிங்கின் இரு நுனிக்கும் நடுவே உள்ள வாய் இடைவெளியை ஃபீலர் கேஜில் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) பாருங்கள். இந்த அளவு போருக்கு 0.2 முதல் 0.35 மி.மீ. வரை சரி. எழுத்து பொறித்த பக்கம் மேலே வர வேண்டும், ரிங் வாய் காடியில் உள்ள ஊசியில் உட்கார வேண்டும். பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி சைலன்சர் பக்கம். பிஸ்டன் பின்னைப் பிடித்து நிறுத்தும் லாக் எப்போதும் புதிது. பழையதை நிமிர்த்திப் போட்டால் ஓடும்போது தெறித்துப் புது போரைக் கீறிவிடும். லாக் மாட்டும்போது கீழே உள்ள கிராங்க்கேஸின் (கிராங்க் சுற்றும் கூடு) வாயைத் துணியால் அடைக்க மறக்காதீர்கள்.

கீழே இருப்பதைப் பார்க்காமல் மேலே மட்டும் கட்டுவது

கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழும் இழுத்தால் துளிகூட ஆட்டம் இருக்கக் கூடாது. பக்கவாட்டில் கொஞ்சம் ஆடுவது இயல்பு. மேல்கீழ் ஆட்டம் இருந்தால் கிராங்கைப் பிரஸ்ஸில் பிரித்து ராடு கிட் போட வேண்டும். வீட்டில் சுத்தியலால் செய்யும் வேலை இல்லை அது. கிராங்க் பேரிங் வாங்கும்போது பழைய பேரிங்கின் எண்ணோடு கடைசியில் உள்ள சி3, சி4 எழுத்தையும் (பேரிங்குக்குள் விட்டிருக்கும் இடைவெளியின் குறி) கேட்டு வாங்குங்கள். அந்த எழுத்து இல்லாத பேரிங் கையில் சுலபமாகச் சுற்றும், இஞ்சின் சூடானதும் இறுகும். கிராங்க்கேஸைப் பிரிக்க இரண்டு பாதிக்கும் நடுவே ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து நெம்பினால் முகம் பள்ளமாகி, பிறகு எந்தப் பேஸ்டும் அடைக்காது.

இதையெல்லாம் விட அதிகம் ஏமாற்றுவது ஆயில் சீல், அதாவது கிராங்க் வெளியே வரும் இடத்தை அடைக்கும் ரப்பர் வளையம். மேக்னெட் பக்க சீல் போனால் அந்த வழியே காற்று உறிஞ்சி கலவை லீன் ஆகும். கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டை எத்தனை முறை மாற்றினாலும் தீராது. கிளட்ச் பக்க சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சி வெள்ளைப் புகை வரும். கியர் ஆயில் அளவு தானாகக் குறையும். வெளியே பார்த்து எதுவும் கண்டுபிடிக்க முடியாது.

இதற்கு வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு. மருந்துக்கடையில் கிடைக்கும், கையால் அமுக்கும் பிபி மிஷின் போதும். மேக்னெட் சக்கரத்தைக் கழற்றி வையுங்கள். இன்லெட்டையும் சைலன்சர் வாயையும் சைக்கிள் ட்யூப் ரப்பர், அதன் மேல் இரும்புத் தகடு வைத்து அடையுங்கள். பழைய பிளக்கின் பீங்கானை உடைத்து எடுத்துவிட்டு, அதில் பிபி ட்யூபைச் செருகி மாட்டுங்கள். பிஸ்டனைக் கீழே இறக்கி நிறுத்தினால் மேலும் கீழும் ஒரே அறை ஆகிவிடும். முள் 300 வரும் வரை அமுக்குங்கள். அது சுமார் 6 பிஎஸ்ஐ. ஐந்து நிமிடத்தில் முள் கண்ணுக்குத் தெரிய இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழ் தேடுங்கள்: மேக்னெட் சீல், சிலிண்டர் அடி பேக்கிங், ஹெட் பேக்கிங், கேஸ் இணைப்பு. எங்கும் குமிழ் இல்லாமல் முள் இறங்கினால் கிளட்ச் பக்க சீலைச் சந்தேகப்படுங்கள். கியர் ஆயில் ஊற்றும் துளையில் காது வைத்தால் சத்தம் கேட்கும்.

கேஸ் உடைந்துவிட்டது என்று சிவாஜிநகர் குஜ்ரியில் (பழைய பாகங்கள் விற்கும் சந்தை) வேறு வண்டியின் கேஸை வாங்கி மாட்டுவது இன்னொரு பெரிய தவறு. இஞ்சின் நம்பர் கேஸில்தான் இருக்கிறது. இந்தியாவில் இந்த வண்டி 1985 முதல் 1996 வரை வந்தது. எனவே எல்லாமே 15 வருடம் தாண்டியவை, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க ஆர்டிஓவில் நம்பர் காட்டியாக வேண்டும். உடைந்த கேஸை அலுமினிய வெல்டிங்கில் சரி செய்யப் பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது; சிலிண்டரைப் பெரிதாக்கி சிசி ஏற்றும் யோசனை உள்ளவர்களுக்கும் இது பொருந்தும்.

பவர் ஏற்றப் போய்

சைலன்சர் போர்ட்டை உயர்த்தினால் பவர் மேல் ஆர்பிஎம்முக்கு நகரும், கீழ் இழுவை போகும். சில்க் போர்டு நெரிசலில் முதல் இரண்டு கியரில் தவழும் வண்டிக்கு அது பயன்படாது. அகலப்படுத்துவது இன்னும் மோசம்: போர் விட்டத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போனால் ரிங் போர்ட்டுக்குள் பிதுங்கி ஒடியும். ஹெட்டை மில் செய்கிறவர்கள் மில் செய்வதற்கு முன்னும் பின்னும் ஸ்க்விஷ் (பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது அதன் ஓரத்துக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளி) அளக்க வேண்டும். பிளக் துளை வழியே சாலிடர் கம்பியைப் பிஸ்டன் பின் இருக்கும் வாட்டத்தில் சிலிண்டர் சுவர் தொடும் வரை விட்டு, கிக்கரைக் கையால் ஒரு சுற்று சுற்றி, நசுங்கிய நுனியை அளந்து பாருங்கள். 1 மி.மீ.க்குக் கீழே இறங்காமல் இருப்பதே நல்லது.

உண்மையில் இன்று இந்த இஞ்சின்களைக் கொல்வது ஜெட். எத்தனால் கலக்காத பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். 20 சதவீதம் எத்தனால் கலந்த ஈ20-க்குச் சுமார் 13.5 கிலோ. அதாவது அதே காற்றுக்கு முன்பைவிட அதிக எரிபொருள் வேண்டும், ஆனால் பழைய ஜெட் பழைய அளவே ஊற்றும். அதோடு ஏர் பாக்ஸைக் கழற்றி கோன் ஃபில்டர் போட்டால் இன்னும் லீன். மூன்றாவது விஷயம் நம்ம ஊருக்கே உரியது. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் பத்தில் ஒன்பது பங்குதான். இங்கே பிளக் காப்பிப்பொடி நிறம் காட்டும்படி கச்சிதமாக ட்யூன் செய்த வண்டி கிருஷ்ணகிரி தாண்டி வேலூர் இறங்கும்போது அடர்ந்த காற்றை உறிஞ்சி லீன் ஆகிறது. வெயில் காற்றை விரியச் செய்து அதில் ஒரு பங்கை ஈடுகட்டும். ஆனால் டிசம்பர் அதிகாலையில் கிளம்பினால் அந்த உதவியும் இருக்காது. ஊருக்குப் போகும் வண்டிக்கு மெயின் ஜெட் ஒரு சைஸ் கூட வைத்துக் கட்டுங்கள். இங்கே கொஞ்சம் புகை கூடும், பிஸ்டன் பிழைக்கும்.

முதல் ஸ்டார்ட்

ஆயில் குழாயைக் கழற்றி மாட்டியவுடன், இஞ்சினுக்குத் தானாக 2டி ஆயில் ஊட்டும் ஆட்டோலூப் பம்ப்பில் காற்று நிற்கும். ப்ளீட் ஸ்க்ரூவைத் திறந்து குமிழ் இல்லாமல் ஆயில் வரும் வரை காத்திருக்காமல் வண்டியை ஓட்டினால், சில கிலோமீட்டரிலேயே புது பிஸ்டன் வறண்டு பிடித்துவிடும். பம்ப் சரியாக இருந்தாலும் முதல் டேங்க்குக்கு லிட்டருக்கு 20 மி.லி. 2டி ஆயிலைப் பெட்ரோலிலும் கலந்துவிடுங்கள். பம்ப் கேபிள் குறிக்கு நேராக இருக்கிறதா என்று ஆக்ஸிலேட்டரைத் திருகிப் பாருங்கள்.

ஸ்டார்ட் ஆனதும் இரண்டு நிமிடம் ஓடவிட்டு, முழுக்க ஆறவிட்டு, மறுபடி ஓடவிடுங்கள். இப்படி மூன்று தடவை. ஆறிய பிறகு ஹெட் நட்டுகளை டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர்) வைத்துக் குறுக்கு வரிசையில் மறுபடி சரிபாருங்கள். முதல் 500 கி.மீ. ஒரே வேகத்தில் ஓட்டாமல், ஏற்றி இறக்கி ஓட்ட வேண்டும். அந்த 500 முடிவதற்குள் ஓசூர் தாண்டி இறக்கத்தில் போக நேர்ந்தால், ஆக்ஸிலேட்டரை முழுக்க மூடி கியரிலேயே நீண்ட தூரம் உருட்டாதீர்கள். சக்கரம் இஞ்சினை வேகமாகச் சுற்றும், ஆனால் ஆக்ஸிலேட்டர் மூடியிருப்பதால் பம்ப் மிகக் கொஞ்சம் ஆயில்தான் விடும். அரை நிமிடத்துக்கு ஒருமுறை லேசாக முறுக்கிவிட்டுப் போங்கள்.