கல்குட்டையைச் சுற்றி நடைத்தடம் வகுப்பது எப்படி?

ஏரிக்கரையில் நடந்து பழகியவர்கள், கல்குவாரியில் தேங்கிய நீரையும் ஓர் ஏரியாகவே எண்ணிவிடுகிறார்கள். சென்னையின் தென்புறநகரில் நடைத்தடம் வகுக்க முனைவோர் செய்யும் முதல் பிழை அதுவே. ஏரி, மனிதர் திட்டமிட்டு அமைத்தது. அதற்குக் கரை உண்டு, மதகு உண்டு, மிகுநீர் வழிந்தோடக் கலங்கல் உண்டு, கால் வைத்து இறங்கக்கூடிய சரிவும் உண்டு. கல்குட்டையோ, கல்லை எடுத்துக்கொண்டு ஆட்கள் போன பிறகு மழையும் ஊற்றும் நிரப்பிவிட்ட பள்ளம். அதற்குக் கரை கிடையாது, விளிம்புதான் உண்டு. விளிம்பை ஒட்டி நடக்க வைப்பதா, விளிம்பிலிருந்து விலக்கி நடக்க வைப்பதா என்ற ஒரு கேள்விக்கு முதலில் விடை கண்டுவிட்டால், தடத்தின் மற்ற வேலைகள் எல்லாம் அதன் பின்னால் தாமாக வரிசையில் வந்துவிடும். நீரிலிருந்து எவ்வளவு விலக வேண்டும் என்று முதலில் முடிவு செய்து, அதற்குப் பிறகே பாதையை வரைய வேண்டும்.

பல்லாவரம், பம்மல், திரிசூலம், நன்மங்கலம், மாங்காட்டை அடுத்த சிக்கராயபுரம் என்று இத்தகைய பள்ளங்கள் பல இடங்களில் கிடக்கின்றன. ஆழம் எவ்வளவு என்று கேட்டால் ஊரார் பனை மரக் கணக்கில் சொல்வார்கள். அது மிகைப்படுத்தலாக இருக்கலாம். ஆனால் குளிக்க இறங்கி மீளாத இளைஞர்களைப் பற்றிய செய்தி கோடை விடுமுறைதோறும் நாளிதழ்களில் வருவது மிகையன்று.

நிலம் யாருடையது?

வரைபடத்தில் கோடு போடுவதற்கு முன்பு, புல எண்ணை (சர்வே எண்) கண்டறிய வேண்டும். வருவாய்த் துறையின் இணையச் சேவையில், எந்தப் புல எண் எவ்வகை நிலம் என்று சொல்லும் அ-பதிவேட்டையும் புல வரைபடத்தையும் பார்த்தால் நிலத்தின் வகைப்பாடு தெரியவரும். குவாரி நிலம் பெரும்பாலும் கல்லாங்குத்து (கற்பாங்கான தரை) என்றோ பாறை, மலைப் புறம்போக்கு என்றோ குறிக்கப்பட்டிருக்கும். நடுவில் சில துண்டுகள் பட்டா நிலமாக இருப்பதும் உண்டு, அங்கேதான் பிற்பாடு வேலி முளைக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் அந்த எண்களைக் காட்டி உறுதி செய்துகொண்டு, குத்தகைக் காலம் முடிந்துவிட்டதா என்பதைக் கனிம வளத் துறையின் மாவட்ட அலுவலகத்தில் கேட்க வேண்டும். குத்தகை உயிரோடிருக்கும் குவாரியில் வெடி வைப்பார்கள். அங்கே நடைத்தடம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பல்லாவரம், பம்மல் போன்ற ஊர்கள் 2021இல் உருவான தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்துவிட்டபடியால், அங்கெல்லாம் மனுவை மாநகராட்சிக்கே கொடுக்க வேண்டும். காப்புக்காடாக இருந்தால் வனத்துறை அனுமதி இன்றி ஓர் அடிகூட எடுத்து வைக்கக் கூடாது.

விளிம்பைப் படித்தல்

இந்தப் பகுதியின் பாறை சார்னோக்கைட் எனப்படும் நீலக்கருப்பு நிறக் கருங்கல், வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு கல்லறை இருக்கிறது. கொல்கத்தாவில் உள்ள, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட், 1893இல் அக்கல் வகைக்குச் சார்னோக்கின் பெயரையே இட்டார். அது பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கல்லோடு ஒத்தது. நம் ஊர்ப் பாறைக்குக் கொல்கத்தாவில் அடங்கிய ஒருவர் பெயர் ஒட்டிக்கொண்டது வேடிக்கைதான்.

இந்தப் பாறை உறுதியானது என்ற நம்பிக்கையில்தான் பலர் விளிம்பில் நிற்கிறார்கள். பாறை உறுதியானதே, ஆனால் வெடி வைத்து உடைத்த பாறை முகம் அப்படியன்று. வெடியின் அதிர்வு, வேண்டிய கல்லைப் பெயர்த்ததோடு நில்லாமல், விட்டுவைத்த கல்லிலும் விரிசல்களை உண்டாக்கிப் போயிருக்கும்; ஒவ்வொரு மழையிலும் அந்த விரிசலுக்குள் நீரும் மண்ணும் இறங்கும், அரசும் ஆலும் அதில் வேர்விட்டு ஆப்பு அடித்ததுபோல் பிளக்கும். ஆகவே எதிர்க்கரையில் நின்று, முடிந்தால் தொலைநோக்கி கொண்டு, பாறை முகத்தைச் சாவகாசமாகப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் வெயிலும் மழையும் பட்ட முகம் பழுப்பேறியிருக்கும். அந்தப் பழுப்பின் நடுவே நீலக்கருப்பாக, ஈரம் காயாததுபோன்ற ஒரு திட்டு தெரிந்தால், அங்கே அண்மையில் கல் பெயர்ந்து விழுந்திருக்கிறது என்று பொருள். அந்தத் திட்டுக்கு நேர் மேலே தடம் போகக் கூடாது.

அடுத்து, விளிம்பின் மேற்பகுதியில் தரையைக் குனிந்து பார்க்க வேண்டும். பாறைக்கு மேலே சில அடி கனத்துக்குச் சிதைந்த பாறையும் செம்மண்ணும் இருக்கும். குவாரிக்காரர்கள் ஒதுக்கிக் கொட்டிய மேல்மண் குவியலும் பெரும்பாலும் விளிம்பை ஒட்டியே கிடக்கும். மழையில் முதலில் சரிவது இந்த மண்தான். விளிம்புக்கு இணையாக நீளும் வெடிப்பு ஏதேனும் கண்ணில் பட்டால், அதன் இருபுறமும் ஓர் இரும்பு முளையை அடித்து, இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்து எழுதிவைத்து, மாதம் ஒருமுறை அளந்து வர வேண்டும். தூரம் கூடினால் அந்தப் பக்கத்தை மறந்துவிடலாம்.

எவ்வளவு தள்ளிப் போவது என்பதற்கு நான் கைக்கொள்ளும் கணக்கு எளியது: நீர் வற்றிய காலத்தில் தெரியும் செங்குத்து உயரம் எவ்வளவோ, குறைந்தது அவ்வளவு தூரம் விளிம்பிலிருந்து உள்வாங்க வேண்டும். நாற்பது அடி உயரமுள்ள பாறைச் சுவர் என்றால், நாற்பது அடி தள்ளித்தான் பாதை. இது தொடக்க நிலைக்கான முன்னெச்சரிக்கைக் கணக்கே. பொதுமக்களுக்குத் திறந்துவிடும் முன் நிலவியலாளர் ஒருவர் நேரில் பார்த்துச் சொல்லியாக வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டவுடன் பல குட்டைகளில் ஏதேனும் ஒரு பக்கம் இடமே இல்லாமல் போகும். போகட்டும். முழுச் சுற்றாக இருந்தால்தான் நடைத்தடம் என்ற ஆசையை விட்டுவிட வேண்டும். முக்கால் வட்டம் போய் அதே வழியில் திரும்பி வந்தாலும் கால்களுக்கு ஒன்றுதான்.

லாரிப் பாதையை என்ன செய்வது?

ஒவ்வொரு குவாரியிலும் மேலிருந்து அடிவரைக்கும் லாரிப் பாதை ஒன்று இறங்கும். கல் ஏற்றிய லாரி ஏறிவர வேண்டும் என்பதால் அதன் சாய்வு மிதமாக இருக்கும், அகலமாகவும் இறுக்கமாகவும் இருக்கும். நடைத்தடத்துக்கு இதைவிடத் தோதான தரை வேறில்லை என்றே எவருக்கும் தோன்றும். இதில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. அந்தப் பாதை நீரின் விளிம்பில் முடிவதில்லை. நீருக்கு அடியிலும் தொடர்ந்து இறங்குகிறது. குளிக்க இறங்குபவர் முழங்கால் அளவு, இடுப்பளவு என்று நடந்துபோய், பாதையின் ஓரம் முடியும் இடத்தில் ஒரே அடியில் ஆழத்துக்குள் போய்விடுகிறார். மேலே வெதுவெதுப்பாக இருக்கும் நீர் சில அடிகளுக்குக் கீழே சட்டென்று குளிர்ந்துவிடுவதால், நீந்தத் தெரிந்தவருக்கும் மூச்சு திணறும்.

ஆகவே லாரிப் பாதையின் மேல் பாதியைத் தடத்தில் சேர்த்துக்கொள்ளலாம். பாதி வழியில், நீர் நன்றாகத் தெரியும் ஓரிடத்தில், லாரியால்கூட நகர்த்த முடியாத பெரும்பாறைகளைக் குறுக்கே வைத்து நிறுத்திவிட வேண்டும். இரும்புக் கதவு வேண்டாம். ஆறு மாதத்தில் அது பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். அந்த இடத்திலேயே நீண்ட கயிறு கட்டிய மிதவை வளையம் ஒன்றைக் கண்ணில் படும்படி மாட்டி வைக்கலாம்.

இரண்டு முறை நடந்து பார்த்தல்

கலங்கல் இல்லாத நீர்நிலையில் நீர்மட்டம் எங்கே நிற்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. வடகிழக்குப் பருவமழை ஓயும் டிசம்பர் இறுதியில் ஒருமுறையும், வெயில் உச்சத்தில் நிற்கும் மே மாதத்தில் ஒருமுறையும் முழுத் தடத்தையும் நடந்து, இரு மட்டங்களையும் பாறையில் வண்ணத்தால் குறித்துக்கொள்ள வேண்டும். ஓராண்டுப் பொறுமை இதற்குத் தேவை. மழைக்காலத்தில் மட்டும் பார்த்து வகுத்த தடம், கோடையில் பாறைச் சுவரின் மேல் தொங்கிக்கொண்டிருக்கும்; கோடையில் மட்டும் பார்த்து வகுத்தது, மழையில் மூழ்கிவிடும்.

வெளியேறும் வழியில்லாத நீர் என்பதற்கு இன்னொரு விளைவும் உண்டு. உள்ளே விழும் குப்பையும் சேரும் கழிவுநீரும் உள்ளேயே தங்கிவிடும். 2017இலும் 2019இலும் ஏரிகள் வறண்டபோது, சிக்கராயபுரம் குவாரிகளின் நீரைத்தான் செம்பரம்பாக்கம் சுத்திகரிப்பு நிலையத்துக்கு எடுத்துச் சென்று குடிநீர் வாரியம் நகருக்கு வழங்கியது. நாளைக்கு நம் குழாயில் வரக்கூடிய நீர் அது என்று நினைத்து, தின்பண்டக் கடைகளையும் வாகன நிறுத்தத்தையும் நீர்ப்பிடிப்புப் பகுதிக்கு வெளியே, நுழைவாயிலிலேயே நிறுத்திவிடுவது நல்லது.

தரையும் அடையாளக் கற்களும்

பாதைக்கு 1.8 மீட்டர் அகலம், அதாவது ஆறடி, குறைந்தபட்சம் வேண்டும். நடைபாதைகளுக்கு, சாலை அளவுகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்லும் அளவும் இதுதான். தரைக்குக் கிரஷர் தூளை நனைத்து உருளை ஓட்டி இறுக்கினாலே போதும். பேவர் பிளாக் பாசி பிடித்தால் வழுக்கும். பாதையின் மேட்டுப் பக்கத்தில் ஒரு சிறு வாய்க்கால் வெட்டி, மழைநீர் பாதையைக் குறுக்கே அறுத்துக்கொண்டு விளிம்புக்கு ஓடாமல் திருப்பிவிட வேண்டும்.

நூறு மீட்டருக்கு ஒரு கல் நட்டு, எண் எழுத வேண்டும். பார்ப்பதற்கு அற்பமான இந்த வேலையை நான் வற்புறுத்திச் சொல்வேன். குவாரியில் தெருப்பெயர் இல்லை, கதவு எண் இல்லை. ஒருவர் மயங்கி விழுந்தால் 108க்கு அழைப்பவர் "தண்ணி பக்கத்துல, ஒரு பெரிய பாறை இருக்குங்க" என்றுதான் சொல்ல முடியும். ஏழாம் கல் என்று சொல்ல முடிந்தால், வாசலில் நிற்பவர் வண்டியை நேராக அங்கே அனுப்பலாம்.

எண்கள் வலம் வரும் திசையில் ஏற வேண்டும். குளத்தையும் கோயிலையும் வலமாகச் சுற்றியே பழகிய நம்மவர், பலகை எதுவும் இல்லாமலேயே அப்படித்தான் நடப்பார்கள். முழுச் சுற்றில் அப்போது நீர் எப்போதும் வலக்கைப் பக்கம் இருக்கும் என்பதால், குழந்தையை இடக்கையில் பிடித்துக்கொள்ளுங்கள் என்ற ஒரே வரியை நுழைவாயிலில் எழுதிவைத்தால் போதுமானது; அதே வழியில் திரும்பும் தடம் என்றால், திரும்பும்போது கையை மாற்றிக்கொள்ளுங்கள் என்றும் சேர்க்க வேண்டும்.

நேரத்தைப் பொறுத்தவரை, காலை நடைதான் சரி. கருங்கல் பகலெல்லாம் வெயிலைக் குடித்து, மாலையில் அதைத் திருப்பித் தரும். கடற்கரைக் காற்று வாங்கிப் பழகியவர்கள் ஆறு மணிக்குக் குவாரிப் பக்கம் வந்தால் அடுப்படியில் நிற்பதுபோல் உணர்வார்கள். மே மாதத்தில் ஐந்தே முக்கால் அளவில் பொழுது விடிந்துவிடும், ஜனவரி பிற்பாதியில் ஆறரை தாண்டும். தடத்தைத் திறக்கும் நேரத்தையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டும். இருட்டிய பின் தடம் பூட்டியிருப்பதே முறை.

பார்த்துப் பழக மூன்று இடங்கள்

புதிதாகத் தடம் வகுக்க நினைப்பவர்கள் முதலில் மூன்று இடங்களைப் பார்த்துவிட்டு வரலாம்.

நன்மங்கலம் காப்புக்காடு, மேடவாக்கம் அருகே, ஏறத்தாழ 320 ஹெக்டேர் பரப்பில் இருக்கிறது. உள்ளே கைவிடப்பட்ட கல்குவாரியில் நீர் நிற்கிறது. அதன் பாறை இடுக்குகளில் கொம்பன் ஆந்தை கூடு வைக்கிறது. வெட்டிய பாறைச் சுவர் பறவைக்கு எப்படி வீடாகிறது என்பதை இங்கே பார்த்தவர்கள், தங்கள் குட்டையில் சுவரைச் சீராக்குகிறேன் என்று சுரண்டத் துணியமாட்டார்கள். ஆந்தை குளிர்காலத் தொடக்கத்திலிருந்து கோடைவரை அடைகாத்துக் குஞ்சு வளர்ப்பதால், அந்த மாதங்களில் கூட்டுக்கு நேர் மேலேயும் எதிரேயும் ஆள் நடமாட்டம் கூடாது. வனத்துறை அனுமதி பெற்றே செல்ல வேண்டும்.

திரிசூலம் ரயில் நிலையத்தில் இறங்கி, விமான நிலையத்துக்கு எதிர்த்திசையில் நடந்தால், சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ள திரிசூலநாதர் கோயில் வரும். சுற்றிலும் மலைகள். எந்த மலை முழுதாக நிற்கிறது, எது வெட்டுப்பட்டிருக்கிறது என்பதைக் கோயில் வீதியிலிருந்தே ஒப்பிட்டுப் பார்க்கலாம். பள்ளங்களுக்குள் இறங்க வேண்டியதில்லை. விமான நிலையத்தின் வாசல் என்பதால், அளவீட்டுக்காக டிரோன் பறக்கவிடும் எண்ணத்தை இங்கே வைத்துக்கொள்ளக் கூடாது.

மூன்றாவது, பல்லாவரம். 1863 மே 30 அன்று நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் இங்கே சரளை தோண்டிய குழி ஒன்றில் கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதர் வாழ்ந்ததற்கு முதலில் அடையாளம் காணப்பட்ட சான்று அது. தோண்டிய குழியெல்லாம் வெறும் குழியல்ல என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை. தடத்துக்காக மேல்மண்ணைக் கிளறும்போது, வடிவமாகச் செதுக்கியதுபோன்ற கல் எதுவும் கையில் அகப்பட்டால், கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு, படம் எடுத்து, தொல்லியல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். வீட்டு அலமாரிக்குக் கொண்டுபோகக் கூடாது.

தடம் திறந்த முதல் ஆண்டில், ஒவ்வொரு பெருமழைக்கும் மறுநாள் ஒருவர் எல்லா எண்கற்களையும் வரிசையாகப் பார்த்து வர வேண்டும். எந்தக் கல் சாய்ந்திருக்கிறதோ அதற்குக் கீழே மண் நகர்ந்திருக்கிறது. அந்தப் பகுதியை அன்றே கயிறு கட்டி அடைத்துவிட்டு, வெடிப்பு உண்டா என்று பார்த்து, பாதையை இன்னும் பத்தடி உள்ளே தள்ளிப் போடுவதுதான் அடுத்த வேலை.