வெயில் காலத்தில் டயர் காற்றைக் குறைக்காதீர்கள்

"வெயில் ஜாஸ்தி, ரெண்டு பாயிண்ட் கம்மியாவே வையுங்க." சித்திரை மாதத்தில் காரை எடுத்துக்கொண்டு வெளியூர் கிளம்பினால் யாராவது ஒருவர் இப்படிச் சொல்லாமல் இருக்க மாட்டார். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் டயர் வெடிக்க இதைவிட எளிய வழி கிடையாது.

தார் ரோட்டின் சூடும் உராய்வும்தான் டயரைக் கொதிக்க வைப்பதாகப் பலர் நினைக்கிறோம். அவற்றுக்கும் பங்கு உண்டு. ஆனால் நேராக ஓடும் வண்டியில் பெரும்பகுதிச் சூடு டயருக்குள்ளேயே பிறக்கிறது. கட்டுக்கம்பியை ஒடிக்க முன்னும் பின்னும் வளைத்தால் வளைவு சுடும் அல்லவா? அதேதான். 100 கி.மீ. வேகத்தில் கார் டயர் வினாடிக்குப் பதினான்கு, பதினைந்து முறை சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் தரையைத் தொடும் இடத்தில் பக்கச்சுவர் நசுங்கி நிமிர்கிறது. காற்று குறைந்தால் அதிகம் நசுங்கும், அதிகம் சுடும். ஒரு கட்டத்தில் உள்ளே இருக்கும் நூலும் ரப்பரும் பிரிந்துவிடும். ஆள், மூட்டை என்று வண்டி நிறைய ஏற்றினாலும் இதே கதைதான்.

அடுத்த தவறு, வழியில் நிறுத்தி சூடான டயரை அளந்துவிட்டு "ஏறிப்போச்சு" என்று காற்றை இறக்குவது. 33 பாயிண்ட் (psi) காற்று வைத்த டயர் ஓட்டத்தில் 37, 38 காட்டுவது இயல்பு. அந்த ஏற்றத்தையும் கணக்கில் வைத்துத்தான் கார் கம்பெனியில் அளவே கொடுத்திருக்கிறார்கள். அதை 33-க்கு இறக்கினால், ஆறிய பிறகு 29 அளவில்தான் நிற்கும். காலையில், வண்டி எடுக்கும் முன் பாருங்கள். சரியான அளவு பெரும்பாலும் டிரைவர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும். டயரின் மேலேயே பொறித்திருப்பது அது தாங்கும் உச்ச அளவு, உங்கள் காருக்கு உரியதல்ல.

நைட்ரஜன் அடித்துவிட்டோம் என்று அளவு பார்க்காமல் விடுவதும் தவறு. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். சூட்டில் அதுவும் விரியும்.

பட்டன் (ரோட்டைத் தொடும் ரப்பர் கட்டைகள்) நன்றாக இருக்கிறதே என்று பழைய டயரை நம்பாதீர்கள். பக்கச்சுவரில் 2318 என்று இருந்தால் 2018-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. வருடங்கள் போகப் போக ரப்பர் இறுகி வெடிப்பு விடும்.

அப்புறம், ஓடும்போது டயர் வெடித்துவிட்டால் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் நேராகப் பிடித்து, ஆக்சிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுங்கள். வேகம் தானாக இறங்கட்டும், பிறகு ஓரம் கட்டலாம். மாற்ற ஸ்டெப்னியைத் திறக்கும்போது அதில் காற்று இருக்க வேண்டும். காலையில் நாலு டயரையும் பார்க்கும்போது அதையும் பார்த்துவிடுங்கள்.