புதிய புத்தகம் பரிந்துரைக்கும்போது நூலகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"நல்ல புத்தகம்தான் சார், எனக்குத்தான் ஒட்டவில்லை."

எடுத்துப்போன மூன்றாம் நாளே நாவலைத் திருப்பித் தந்த ஓர் அம்மா என்னிடம் சொன்னது இது. அடையாளத்துக்கு வைத்த துண்டுச்சீட்டு 12ஆம் பக்கத்தில் அப்படியே இருந்தது. அந்த ஆண்டில் எல்லோரும் பேசிய நாவல் அது; நானே இரண்டு முறை படித்து உருகியது. "புதிதாக ஏதாவது கொடுங்களேன்" என்று அவர் கேட்டார், நான் எடுத்து நீட்டினேன். அவருக்கு அப்போது என்ன வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பழியை அவர் தன்மேலேயே போட்டுக்கொண்டு போனது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

நமக்குப் பிடித்ததைப் பிறருக்கு நீட்டுவதுதான் இந்த வேலையின் முதல் தவறு. மற்ற தவறுகள் பலவும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன. இந்திய நூலகவியல் முன்னோடி எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளை நூலகவியல் படித்த எல்லோரும் தூக்கத்தில்கூடச் சொல்வோம். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது இரண்டாம் விதி. ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்பது மூன்றாவது. கவுண்ட்டரில் நிற்கும்போது மூன்றாம் விதி முந்திக்கொள்கிறது. புது வரவு அலமாரியில் யாரும் தொடாமல் கிடக்கும் புத்தகத்துக்கு ஆள் தேடுகிற அவசரத்தில், எதிரே நிற்பவர் நம் கண்ணில் படுவதே இல்லை.

வாசகரிடம் விசாரிக்கிற நூலகர்களும் சில சமயம் தவறாகக் கேட்கிறார்கள். "என்ன மாதிரிப் புத்தகம் வேண்டும்?" என்றால் பலர் தடுமாறிப் போவார்கள். துப்பறியும் கதை, சரித்திரக் கதை என்று வாயில் வந்த ஒரு வகையைச் சொல்லித் தப்பித்துக்கொள்வார்கள். அதைப் பிடித்துக்கொண்டு அந்த அலமாரிக்கு அழைத்துப் போனால் பாதிப் பயணம் வீண். "கடைசியாக எந்தப் புத்தகத்தைக் கீழே வைக்க மனம் வரவில்லை?" என்று கேட்டுப் பாருங்கள். முகம் மலரும், பேச்சு தானாக வரும். அந்தப் பேச்சைக் கூர்ந்து கேட்க வேண்டும். அமெரிக்க நூலகர் நான்சி பேர்ல், ஒரு புத்தகத்துக்குள் நுழைய நான்கு வாசல்கள் உண்டு என்பார்: கதை, பாத்திரம், களம், மொழி. "அடுத்து என்ன ஆகுமோ என்று விடியும்வரை படித்தேன்" என்கிறவர் கதை வழியே நுழைந்தவர். "அந்தக் கிழவி அப்படியே என் பாட்டி" என்கிறவர் பாத்திரம் வழியே வந்தவர்.

இது ஏன் முக்கியம் என்றால், ஒரே துப்பறியும் நாவலை இரண்டு பேர் சிலாகிப்பார்கள். ஒருவருக்குப் புதிர் அவிழும் விதம் பிடித்திருக்கும். இன்னொருவருக்கு அந்தத் துப்பறிவாளரின் தனிமை. முதலாமவருக்கு இன்னொரு கொலைக்கதை கொடுக்கலாம். அதே புத்தகம் இரண்டாமவருக்குச் சலிக்கும். அண்மையில் வந்த நல்ல தன்வரலாறு ஒன்று அவருக்குச் சரியாகப் பொருந்தக்கூடும். நாவல் படிப்பவர் அபுனைவை, அதாவது கற்பனை அல்லாத நூல்களைத் தொடமாட்டார் என்று நாமே கோடு கிழித்துவைத்திருக்கிறோம். வாசகர்கள் அந்தக் கோட்டைச் சர்வ சாதாரணமாகத் தாண்டுகிறார்கள், கைகாட்டி விட்டால் போதும்.

அடுத்தது, 'புதியது' என்ற சொல்லில் உள்ள மயக்கம். அட்டை பளபளவென்று இருந்தால் புத்தகம் புதிது என்று நம்பிவிடக் கூடாது. பதிப்புத் தகவல் உள்ள பக்கத்தைத் திருப்பி முதல் பதிப்பின் ஆண்டைப் பாருங்கள். நாவலுக்கு இது பெரிய கேடில்லை. மருத்துவம், சட்டம், வரி, தொழில்நுட்பம் என்றால் கேடுதான். அபுனைவில் இன்னொன்றும் உண்டு: எழுதி முடித்த கையெழுத்துப்படி அச்சாகி வெளிவர ஓராண்டுக்கு மேல்கூட ஆகலாம். ஆகவே 2024 என்று போட்ட நூலில் உள்ள புள்ளிவிவரம் 2021ஆம் ஆண்டினுடையதாக இருக்கலாம். கடைசிப் பக்கங்களில் சான்றுக் குறிப்புகளும் பொருளடைவும் இருக்கின்றனவா, ஆசிரியருக்கு அந்தத் துறையில் என்ன பழக்கம் என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். உடம்புக்கு முடியாதவர் கையில் பின்னட்டை வாசகத்தை மட்டும் நம்பி ஒரு மருத்துவ நூலைக் கொடுப்பதை நான் தவறு என்று மட்டும் சொல்லமாட்டேன், அது பொறுப்பின்மை.

பட்டியல்களைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதும் இந்த வகைதான். 2025 மே மாதம் சிகாகோ சன்-டைம்ஸ் நாளிதழின் இணைப்பில் கோடைக்கால வாசிப்புப் பட்டியல் ஒன்று வந்தது. அதிலிருந்த 15 புத்தகங்களில் 10 எங்குமே இல்லாதவை. எழுத்தாளர்களின் பெயர்கள் உண்மை. அவர்கள் எழுதியதாகச் சொல்லப்பட்ட புத்தகங்கள் செயற்கை நுண்ணறிவு உண்டாக்கியவை. ஒரு வாசகர் அப்படிப்பட்ட பெயரைக் குறித்துக்கொண்டு வந்து நின்றால், தேடிப் பார்த்துவிட்டு "எங்களிடம் இல்லை" என்று அனுப்பிவிடுவது எளிது. பதிப்பகத்தின் பட்டியலில் ஒருமுறை சரிபார்த்து, அப்படி ஒரு நூலே இல்லை என்று சொல்லி, அவர் எதை எதிர்பார்த்து அந்தப் பெயரைக் குறித்தார் என்று கேட்பதுதான் நம் வேலை.

படிக்காத புத்தகத்தைப் படித்ததுபோல் பேச வேண்டாம். வருகிற எல்லாவற்றையும் எவராலும் படிக்க முடியாது, அதில் வெட்கமும் இல்லை. "நான் இன்னும் படிக்கவில்லை, ஆனால் இதை எடுத்துப்போன இரண்டு பேர் உடனே அடுத்ததைக் கேட்டார்கள்" என்று சொன்னால் வாசகர் நம்புவார். கதையைப் பாதிவரை சொல்லிவிட வேண்டாம். ஏழெட்டுப் புத்தகங்களைக் கையில் அடுக்கவும் வேண்டாம். இரண்டு அல்லது மூன்று, அவையும் ஒன்றுக்கொன்று வேறுபட்டவையாக இருக்கட்டும். குழந்தை பக்கத்தில் நிற்கும்போது அப்பாவிடம் "என்ன படிப்பான்?" என்று கேட்கவே கேட்காதீர்கள். குனிந்து அவனிடம் கேளுங்கள்.

இவற்றையெல்லாம்விடக் கொடியது முகச்சுளிப்பு. ஒருவர் குடும்ப நாவலோ பேய்க்கதையோ கேட்கும்போது நம் புருவம் ஒரு நூலளவு உயர்ந்தால் போதும், அவர் அடுத்த முறை வாய்திறந்து கேட்கமாட்டார். பாதியில் விட்டவரைக் குற்றவாளிபோல் பார்ப்பதும் அப்படித்தான். இதற்கும் நான்சி பேர்ல் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்: 50 பக்கம் படித்தும் பிடிக்கவில்லை என்றால் மூடிவிடலாம், வயது 50ஐத் தாண்டிவிட்டால் நூறிலிருந்து வயதைக் கழித்து, மிஞ்சுகிற பக்கங்களைப் படித்தால் போதும். எழுபது வயதுக்காரருக்கு 30 பக்கம். தயங்கித் தயங்கிப் புத்தகத்தைத் திருப்பித் தருகிறவர்களிடம் இந்தக் கணக்கைச் சொல்வேன், தோள் லேசாகி நிற்பார்கள்.

புத்தகம் திரும்பி வரும்போது பேசாமல் வாங்கி அடுக்கில் வைப்பதுதான் பலரும் கவனிக்காத தவறு. அடுத்த பரிந்துரைக்கு வேண்டிய தகவல் அந்த ஒரு நிமிடத்தில்தான் கிடைக்கும். அந்த அம்மா மறுபடி வந்தபோது, எந்த இடத்தில் நாவல் விட்டுப்போயிற்று என்று கேட்டேன். முதல் அத்தியாயத்திலேயே ஒரு மரணம் வருகிறது என்றார். அவர் கணவர் அப்போது மருத்துவமனையில் இருந்தார். "யாரும் சாகாத புத்தகம் இருக்கிறதா சார்?" என்றார். அலமாரி அலமாரியாகத் தேடினேன். புதிய நாவல்களில் அப்படி ஒன்றைக் கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்று அன்றுதான் தெரிந்தது. கடைசியில் பறவைகளைப் பற்றிய கட்டுரைத் தொகுப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு போனார். தவணைத் தேதிவரை வைத்திருந்து, இன்னொரு தவணையும் நீட்டித்துக்கொண்டார்.

என் குறிப்பேட்டில் 'யாரும் சாகாதவை' என்ற தலைப்பில் ஒரு பக்கம் இருக்கிறது. இதுவரை 17 பெயர்கள். புது வரவுக் கட்டைப் பிரிக்கும்போதெல்லாம் பதினெட்டாவதைத் தேடுகிறேன்.