லேட் நைட் ஷோ ரேட்டிங் செய்தியைப் படிக்கிறது எப்படி: ஃபேமிலி குரூப்ல சண்டை போடுறதுக்கு முன்னாடி

2025 ஜூலைல, அமெரிக்காவுல ராத்திரி நேரத்துல காமெடி டாக் ஷோ பண்ணிட்டிருந்த ஸ்டீஃபன் கோல்பேரோட ஷோவை மூடப்போறோம்னு சிபிஎஸ் சேனல் அறிவிச்ச அன்னிக்கு எங்க ஃபேமிலி குரூப்ல மொத மெசேஜ் மாம்பலம் பெரியப்பாவோடது. "காமெடி பண்ண வந்தவன் அரசியல் பேசினா இதான் கதி." ரெண்டாவது நிமிஷமே நியூ ஜெர்சில இருக்குற அத்தை பையன், "மாமா, ட்ரம்ப்புக்குப் பயந்து தூக்கிட்டாங்க, ரேட்டிங்லாம் சும்மா சாக்கு"னு போட்டான். இதுல காமெடி என்னன்னா ரெண்டு பேரும் ஆதாரமா அனுப்பினது ஒரே லிங்க். சோழிங்கநல்லூர்ல நைட் ஷிப்ட் முடிச்சு கேப்ல தூங்கி விழுந்துட்டு வந்த நான் அந்த லிங்க்கை முழுசாப் படிச்சுப் பாத்தேன், ரெண்டு பேரும் தலைப்பைத் தாண்டிப் போகவே இல்லன்னு தெரிஞ்சுது. அதனாலதான் இதை எழுதுறேன். அடுத்த தடவை இந்த மாதிரி செய்தி வந்தா எப்படிப் படிக்கணும், எங்க நிறுத்திப் படிக்கணும்னு.

மொதல்ல ஷோவைப் பாருங்க. சிரிக்காதீங்க, நிறைய பேர் இதைச் செய்றதே இல்ல, வெட்டி ஒட்டின 30 செகண்ட் ரீல்ஸை மட்டும் பாத்துட்டு "அவன் எப்பவும் அரசியல்தான் பேசுறான்"னு முடிவு பண்ணிடுறாங்க. அமெரிக்காவுல கிழக்குப் பக்கம் இந்த ஷோக்கள் பெரும்பாலும் ராத்திரி 11:35க்கு வரும். நம்ம கணக்குல மறுநாள் காலைல 9:05, அவங்க குளிர்காலத்துல கடிகாரத்தை மாத்தினா 10:05. அதாவது நீங்க தாம்பரத்துல ட்ரெயின் ஏறி மாம்பலத்துல இறங்குற நேரத்துக்கு அங்க ஆள் கோட்டு போட்டு நின்னு பேசிட்டிருப்பாரு. சேனல் எல்லாம் தேட வேணாம், ஷோவோட சொந்த யூட்யூப் பக்கத்துலயே ஆரம்பத்துல நின்னுக்கிட்டு பேசுற மோனோலாக் பகுதி வந்துடும், பத்து பன்னெண்டு நிமிஷம்தான். ஒரு வாரம் கோல்பேர், ஜிம்மி கிம்மல், ஜிம்மி ஃபாலன், சேத் மேயர்ஸ் நாலு பேரோட பழைய எபிசோடுகளையும் மாத்தி மாத்திப் பாருங்க, யாரு எவ்வளவு அரசியல் பேசுறாங்கன்னு உங்களுக்கே பிடிபட்டுடும். ஃபாலன் கெஸ்ட்டோட கேம் ஆடுவாரு, பாட்டு பாடுவாரு. மேயர்ஸ் டேபிள்ல உக்காந்து ஒரே விஷயத்தைப் பிடிச்சு நோண்டுவாரு. இந்த வித்தியாசம் தெரிஞ்சா மட்டும்தான் கீழ சொல்றது உதவும்.

இப்ப நம்பருக்கு வருவோம். இங்கதான் எல்லாரும் வழுக்கி விழறாங்க.

"பார்வையாளர்கள் சரிவு"ன்னு தலைப்பு பாத்தா உடனே கேக்க வேண்டியது, எந்தப் பார்வையாளர்? மொத்தமா எத்தனை பேர் பாத்தாங்கங்கறது ஒரு கணக்கு. 18லருந்து 49 வயசுக்குள்ள எத்தனை பேருங்கறது வேற கணக்கு, விளம்பரக்காரன் காசு கொடுக்கறது பெரும்பாலும் இந்த ரெண்டாவதுக்குத்தான். அப்புறம் அன்னிக்கு ராத்திரியே பாத்தவங்க மட்டுமா, ரெக்கார்ட் பண்ணி ஏழு நாளைக்குள்ள பாத்தவங்களையும் சேத்தா? ஒரு ராத்திரி நம்பரா, மூணு மாச சராசரியா, முழு சீசன் சராசரியா? இந்த மூணு கேள்விக்கும் பதில் இல்லாத செய்தியை நான் ஃபார்வர்ட் பண்றதே இல்ல. நீல்சன்னு ஒரு கம்பெனிதான் அங்க அளக்குறது, அதே நீல்சன் அட்டவணையை வெச்சு ஒருத்தன் "சரிஞ்சான்"னும் இன்னொருத்தன் "ஜெயிச்சான்"னும் எழுத முடியும், ரெண்டுமே பொய் இல்ல.

கோல்பேர் விஷயத்துலயே பாருங்க. 2025ல ஏப்ரல்லருந்து ஜூன் வரைக்கும் சராசரியா 24 லட்சம் பேர் பாத்தாங்க. கிம்மலுக்கு 18 லட்சத்துக்குக் கொஞ்சம் கம்மி, ஃபாலனுக்கு 12 லட்சம் பக்கம். அப்போ மூடினது யாரை? அந்த 11:35 மணி ஷோக்கள்ல ஃபர்ஸ்ட் ரேங்க் வாங்கிட்டிருந்தவரை. அதே சமயம் 2018-19 சீசன்ல கோல்பேருக்கு 38 லட்சம் பக்கம் இருந்துச்சு, ஆக பெரியப்பா சொல்ற மாதிரி சரிவும் நிஜம்தான். (நானே இங்க ஒரு தில்லாலங்கடி பண்றேன் கவனிச்சீங்களா, முழு சீசன் சராசரியை மூணு மாச சராசரியோட வெச்சுப் பேசுறேன். தோராயமா ட்ரெண்டைப் பாக்க சரி, பர்சன்டேஜ் போட்டு பெட் கட்டக் கூடாது.)

அடுத்து, ஒருத்தரைப் பத்தி செய்தி வந்தா அவரோட பக்கத்து வீட்டைப் பாருங்க. இது ரொம்ப முக்கியம். அரசியல் பேசினதுதான் கூட்டத்தைத் தொரத்துச்சுன்னா அரசியலை அதிகம் தொடாத ஃபாலன் தப்பிச்சிருக்கணும்ல? அவருக்கு அதே காலத்துல கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி போயிடுச்சு. இன்னும் பின்னாடி போங்க. 2016 செப்டம்பர்ல ஃபாலன் ட்ரம்ப்பை ஷோவுக்குக் கூப்பிட்டு தலைமுடியைக் கலைச்சு விளையாடினாரு, நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டாரு. அடுத்த வருஷம் ட்ரம்ப்பை தினமும் வெச்சு செஞ்ச கோல்பேர் ஃபாலனைத் தாண்டி மேல போனாரு. அன்னிக்கு அரசியல்தான் அவரைத் தூக்கிவிட்டுச்சு. எதிர்ப்பக்கம் ஃபாக்ஸ் நியூஸ்ல கிரெக் கட்ஃபெல்டு பண்ற காமெடி ஷோ, ஆரம்பத்துலருந்து முடிவு வரைக்கும் அரசியல்தான், ஆனா வலதுசாரி அரசியல், அவருக்கு 30 லட்சத்துக்கு மேல. ஆக அரசியல் பேசினா ஆள் வர மாட்டாங்கங்கறது காக்கா உக்கார பனம்பழம் விழுந்த கதைதான்.

உடனே அத்தை பையன் குதிக்க வேணாம், கட்ஃபெல்டு நம்பரையும் அப்படியே எடுத்து கோல்பேர் பக்கத்துல வைக்க முடியாது. அவரு ஷோ கிழக்குல ராத்திரி 10 மணி, கேபிள்ல ஒரே நேரத்துல நாடு முழுக்கப் போறதால கலிஃபோர்னியாவுல அது சாயங்காலம் 7 மணி. தோசை சுட்டுக்கிட்டே பாக்குற நேரம் அது. மத்தவங்களோடது எந்த ஊர்லயும் தூங்கப் போற நேரத்துலதான். ரெண்டையும் ஒரே பார் சார்ட்ல போடுறது மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு போடுற வேலை.

அப்ப கூட்டம் எங்க போச்சு? ஜானி கார்சன் 1962லருந்து 1992 வரைக்கும் 30 வருஷம், ஃபாலன் பண்ற அதே டுநைட் ஷோவைப் பண்ணாரு, கடைசி நாள் ஷோவை 5 கோடி பேர் பாத்ததா கணக்கு. அப்ப ராத்திரி பதினொன்னரைக்கு வேற போக்கிடமே கம்மி. நம்ம ஊர்ல தூர்தர்ஷன் ஒளியும் ஒலியும் வந்த வெள்ளிக்கிழமை தெரு காலியா இருந்த மாதிரின்னு வெச்சுக்கோங்க, அந்த நிகழ்ச்சி அவ்வளவு ஒசத்தியாங்கறது வேற விஷயம், வேற என்ன இருந்துச்சு? 2025 மே மாசம் அமெரிக்காவுல டிவி திரைல பாக்குற மொத்த நேரத்துல ஸ்ட்ரீமிங் மட்டும் 44.8 சதவீதம், ஆன்டெனா சேனலையும் கேபிளையும் கூட்டினா 44.2. ஒரு முழு மாசக் கணக்குல ரெண்டையும் சேத்து ஸ்ட்ரீமிங் முந்தினது அதுதான் மொத தடவை. இதுல நான் ஒரு குற்றவாளி, ஒத்துக்கறேன். பத்து வருஷமா இந்த ஷோவையெல்லாம் பாக்குறேன், ஒரு தடவை கூட முழு எபிசோட் பாத்ததில்ல, ஒரு டாலர் கூட கொடுத்ததில்ல, நீல்சன் கணக்குல நான் இல்லவே இல்ல. என்னை மாதிரி ஆளுங்களாலதான் ஷோ பிரபலமாவும் இருக்கு, போண்டியாவும் ஆகுது.

போண்டின்னதும் ஞாபகம் வருது, ரேட்டிங்கைப் படிச்ச அப்புறம் காசைத் தேடிப் படிங்க. பெரிய நெட்வொர்க் லேட் நைட் ஷோக்களோட விளம்பர வருமானம் 2018ல 43.9 கோடி டாலர், 2024ல 22 கோடி டாலர். ஆறு வருஷத்துல பாதி. ஆனா செலவு? லைவ் பேண்ட், எழுதுறவங்க கூட்டம், நியூயார்க் நடுவுல ஒரு முழு தியேட்டர். கோல்பேர் ஷோ வருஷத்துக்கு 4 கோடி டாலர் நஷ்டம்னு செய்திகள்ல வந்துச்சு. மத்தவங்களும் வயித்தைக் கட்டினாங்க: மேயர்ஸ் ஷோவுல பேண்டையே எடுத்துட்டாங்க, ஃபாலன் ஷோ வாரத்துக்கு அஞ்சு நாள்லருந்து நாலு நாளாச்சு. சிபிஎஸ்ல கோல்பேருக்கு அடுத்து ஷோ பண்ணிட்டிருந்த ஜேம்ஸ் கார்டன் 2023ல போனப்புறம் அந்த பன்னெண்டரை மணி இடத்துல அதே மாதிரி ஷோ வைக்கவே இல்ல, செலவு கம்மியான கேம் ஷோ ஒண்ணு வெச்சாங்க, அதுவும் 2025ல முடிஞ்சுபோச்சு.

இவ்வளவும் படிச்சுட்டு "சரி, அப்ப காசுதான் காரணம், அரசியல் இல்ல"ன்னு எழுந்து போயிடாதீங்க. இன்னொரு வேலை பாக்கி இருக்கு, தேதியை வரிசையா ஒரு பேப்பர்ல எழுதணும். நான் உண்மைலயே ஆபீஸ் நோட்பேட்ல எழுதினேன். 2025 ஜூலை ஆரம்பத்துல சிபிஎஸ்ஸோட தாய் கம்பெனி பாராமவுண்ட், ட்ரம்ப் போட்ட ஒரு கேஸை முடிக்க 1.6 கோடி டாலர் தர ஒத்துக்குது. அதே சமயம் ஸ்கைடான்ஸ்ங்கற சினிமா கம்பெனியோட இணையறதுக்கு அரசாங்க அனுமதிக்குக் காத்துட்டிருக்கு. கோல்பேர் தன் ஷோவுலயே அந்தப் பணத்தை லஞ்சம்னு சொல்றாரு. சொன்ன அதே வாரம், 17ஆம் தேதி, 2026 மே மாசத்தோட ஷோ முடியுதுன்னு அறிவிப்பு. 24ஆம் தேதி எஃப்சிசி, அதாவது ஒளிபரப்பைக் கட்டுப்படுத்துற அமெரிக்க அரசு அமைப்பு, அனுமதி கொடுக்குது. இது முழுக்க பண முடிவுதான்னு சிபிஎஸ் சொல்லிச்சு. நஷ்டம் நிஜம், தேதியும் நிஜம். என் அபிப்ராயம்: சும்மாவே காய்ச்சல்ல கிடந்தவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகாம விட்டுட்டாங்க, அவ்வளவுதான். எது எத்தனை பங்குன்னு உள்ள இருந்தவங்களுக்குத்தான் தெரியும், வெளிய இருந்து ஒத்தைக் காரணம் சொல்ற ரெண்டு பக்கத்தையும் நான் நம்பறதில்ல.

கிம்மல் கதை இன்னும் நல்ல பயிற்சி. 2025 செப்டம்பர்ல ட்ரம்ப் ஆதரவு பேச்சாளர் சார்லி கிர்க் கொலையைப் பத்தி அவர் பேசினது பிரச்சனையாச்சு, எஃப்சிசி தலைவர் பிரெண்டன் கார் வெளிப்படையாவே மிரட்டினாரு, நெக்ஸ்டார், சின்க்ளேர்ங்கற ரெண்டு பெரிய ஸ்டேஷன் முதலாளிங்க அவங்க ஊர்கள்ல ஷோவைப் போட மாட்டோம்னாங்க, கிம்மல் ஷோவை நடத்துற ஏபிசி நெட்வொர்க் அதை நிறுத்துச்சு. இங்க ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும், அங்க நெட்வொர்க் வேற, ஊர் ஊரா ஒளிபரப்புற ஸ்டேஷன் வேற, லைசென்ஸ் அந்த ஸ்டேஷனுக்குத்தான். பட்டனை யாரு கைல வெச்சிருக்கான்னு பாக்கணும். கேபிள்ல திடீர்னு ஒரு சேனல் காணாம போய், ஆபரேட்டருக்கு போன் பண்ணா "மேல இருந்து வரல சார்"னு கேட்டுப் பழகின நமக்கு இது புதுசா என்ன. ஒரு வாரத்துக்குள்ள கிம்மல் திரும்பி வந்த அன்னிக்கு 62.6 லட்சம் பேர் பாத்தாங்க, அதுவும் நாலுல ஒரு பங்கு வீட்டுல வராமலேயே. உடனே "அரசியலால ரேட்டிங் மூணு மடங்கு"ன்னு தலைப்பு. ஒரு ராத்திரி நம்பர் அது! தேரோட்டம் அன்னிக்கு மயிலாப்பூர் மாட வீதில நிக்கற கூட்டத்தை எண்ணிட்டு தினமும் இவ்வளவு பேர் கோயிலுக்கு வராங்கன்னு சொல்ற மாதிரி.

இதே முறையை நம்ம ஊர் செய்தி சேனல் மேல போட்டுப் பழகுங்க, தினமும் மெட்டீரியல் கிடைக்கும். நம்மகிட்ட பதினொன்னரை மணி காமெடி ஷோ கிடையாது, எட்டு ஒன்பது மணி விவாதம்தான் இருக்கு, நக்கலுக்கு பரிதாபங்கள் மாதிரி யூட்யூப் பசங்க இருக்காங்க. "தமிழ்நாட்டின் நம்பர் 1"னு ஒரே வாரத்துல ரெண்டு சேனல் விளம்பரம் போடும். பேப்பரை மூஞ்சிக்குக் கிட்ட கொண்டு போங்க, அடில எறும்பு சைஸ் எழுத்துல எந்த வயசு, எந்த வாரம், எத்தனை மணிலருந்து எத்தனை மணி வரைக்கும்னு இருக்கும், விஷயம் அங்கதான். நம்ம ஊர்ல ரேட்டிங் எடுக்குற பார்க் (BARC) அமைப்பு நாடு முழுக்க 50,000க்கு மேல வீடுகள்ல மீட்டர் வெச்சு அளக்குது, வீட்டுல ஒவ்வொருத்தருக்கும் ஒரு பட்டன், டிவி முன்னாடி உக்காரும்போது அமுக்கணும். எங்க வீட்டை வெச்சு யோசிச்சேன். அப்பா விவாதம் வெச்சுட்டு சோபாவுல குறட்டை விடுவாரு, அம்மா மெதுவா ரிமோட்டை உருவி சீரியல் மாத்துவாங்க, அப்பா கண்ணைத் திறக்காமலே "ஏய், பாத்துட்டுதான் இருக்கேன்"ம்பாரு. இந்த வீட்டுல மீட்டர் இருந்தா அந்த நிமிஷம் யாரோட கணக்குல ஏறும்?

2020 அக்டோபர்ல மீட்டர் வீடுகளுக்குக் காசு கொடுத்து சேனல் பாக்க வெச்சாங்கன்னு மும்பை போலீஸ் சொன்னப்புறம் செய்தி சேனல் ரேட்டிங்கையே நிறுத்தி வெச்சாங்க, 2022 மார்ச்சுலதான் திரும்ப வந்துச்சு, அதுவும் நாலு வார சராசரியா. அதனால "இந்த ஒரு விவாதத்தால போன வாரம் ரேட்டிங் எகிறிடுச்சு"ன்னு யாராவது செய்தி சேனலைப் பத்திச் சொன்னா, எந்த நாலு வாரம்னு கேளுங்க. நான் பெரியப்பாகிட்ட கேட்டேன். "நீ தூங்கு மொதல்ல"ன்னு பதில் வந்துச்சு.