பலூனை மட்டும் படித்தால் போதுமா? காமிக்ஸில் நாம் செய்யும் தவறுகள்

அக்கா மகன் நாற்பது பக்கக் காமிக்ஸ் ஒன்றைப் பத்தே நிமிடத்தில் முடித்துவிட்டு, "அடுத்தது குடு மாமா" என்று கையை நீட்டினான். கதை என்னடா என்று கேட்டால் கடகடவென்று ஒப்பித்தான். "சரி, மூணாவது பக்கத்துல அந்தத் திருடன் கையில என்ன இருந்தது?" என்றேன். முழித்தான். ஒரு குடை இருந்தது. கதையின் முடிச்சே அந்தக் குடைதான். ஆனால் எந்தப் பலூனிலும், அதாவது வசனம் எழுதியிருக்கும் எந்தக் குமிழியிலும், அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

பையனைச் சொல்லிக் குற்றமில்லை. பெரியவர்களும் இப்படித்தான் படிக்கிறோம். எழுத்தைக் கண்டதும் கண் அதன்மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது. படம் ஓரக்கண்ணில் கடந்து போய்விடுகிறது. காமிக்ஸ் படித்தால் அறிவு வளருமா என்ற பழைய சண்டையில் பாதி இந்தப் பழக்கத்தால் வந்தது. பலூனை மட்டும் படிப்பவருக்குக் காமிக்ஸ் உண்மையிலேயே கொஞ்சம்தான் கொடுக்கும்.

காமிக்ஸ் பக்கத்தில் ஒரு படக் கட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: மேசை விளிம்பில் ஒரு மைப்புட்டி, அதை ஒட்டி ஒருவரின் முழங்கை. அடுத்த கட்டம்: தரையில் நீலக் கறை, அதிலிருந்து கதவுவரை பூனையின் காலடித் தடம். புட்டி விழுந்ததை யாரும் வரையவில்லை. பூனையையும் வரையவில்லை. இரண்டு கட்டங்களுக்கும் நடுவே இருக்கிற வெள்ளை இடைவெளியில் புட்டியை விழவைத்தது நீங்கள். பூனையை நடக்கவிட்டதும் நீங்கள்தான். எது முதலில் நடந்தது, எதனால் நடந்தது என்று ஊகித்து இணைக்கிற இந்த வேலையைத்தான் அறிவியல் பாடத்திலும் வரலாற்றுப் பாடத்திலும் வேறு பெயரில் கேட்கிறோம். வேகமாகப் புரட்டினால் இந்த வேலை நடக்காது.

சரிசெய்ய ஒரு எளிய வழி உண்டு. ஒரு பக்கத்தில் உள்ள பலூன்களை எல்லாம் காகிதத் துண்டுகளால் மூடிவிட்டு, படத்தை மட்டும் வைத்துக் கதையைச் சொல்லிப் பாருங்கள். அப்புறம் துண்டுகளை எடுத்துவிட்டுப் படியுங்கள். ஊகம் எங்கே தப்பியது என்று தெரியும்போதுதான் வசனம் என்ன வேலை செய்கிறது என்பதும் புரியும். புதிய மொழி கற்பவர்களுக்கு இது இன்னும் நன்றாகப் பொருந்தும். வார்த்தை தெரியாவிட்டாலும் முகமும் கையசைவும் பாதி அர்த்தத்தைக் கொடுத்துவிடும்.

போனில் படிப்பவர்கள் ஒவ்வொரு கட்டமாகப் பெரிதாக்கிப் பார்ப்பதும் இதோடு சேர்ந்த தவறுதான். ஓவியர் முழுப் பக்கத்தையும் மனதில் வைத்துத்தான் கட்டங்களை அடுக்குகிறார். ஒரு பெரிய கட்டத்துக்குக் கீழே நான்கு சிறிய கட்டங்கள் இருந்தால், பெரும்பாலும் அந்தப் பெரிய கட்டத்தில் கதை கொஞ்சம் நிதானிக்கிறது என்று அர்த்தம். முதலில் முழுப் பக்கத்தையும் ஒரு பார்வை பாருங்கள், அப்புறம் பெரிதாக்கிக்கொள்ளலாம். ஜப்பானியக் காமிக்ஸான மங்கா என்றால் பெரும்பாலும் வலமிருந்து இடம். இது தெரியாமல் பதிலை முதலிலும் கேள்வியைப் பின்னாலும் படித்துக் குழம்புகிறவர்கள் உண்டு. காமிக்ஸ் எல்லோருக்கும் தானாகவே புரிந்துவிடும் என்று நினைப்பதே பிழை. முள்முள்ளான பலூன் என்றால் கத்தல், மேகம்போல இருந்தால் மனதுக்குள் நினைப்பு, பின்னால் இழுத்த கோடுகள் என்றால் வேகம். இதையெல்லாம் நாம் எப்போதோ பழகியிருக்கிறோம். முதல் காமிக்ஸை ஐம்பது வயதில் கையில் எடுப்பவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காட்டத்தான் வேண்டும்.

"காமிக்ஸ் குடுத்து இழுத்துட்டு, அப்புறம் நல்ல புத்தகத்துக்கு மாத்திடலாம்" என்பது இன்னொரு பிரபலமான யோசனை. நல்லெண்ணம்தான். ஆனால் கையில் இருப்பது நல்ல புத்தகம் இல்லை என்று படிப்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். 1988-ல் ஹேய்ஸ், ஆரன்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஆங்கிலத்தில் அரிய சொற்கள் எங்கெங்கே எவ்வளவு வருகின்றன என்று எண்ணிப் பார்த்தார்கள். ஆயிரம் சொற்களுக்குக் காமிக்ஸில் சுமார் 53, சிறுவர் புத்தகங்களில் சுமார் 31, படித்த பெரியவர்களின் பேச்சில் சுமார் 17. எல்லாக் காமிக்ஸுக்கும் எல்லா மொழிக்கும் இதே கணக்கு என்று சொல்ல முடியாது. ஆனாலும் "அதுல என்ன வார்த்தை இருக்கு" என்று உதட்டைப் பிதுக்குபவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

உதட்டைப் பிதுக்கும் பழக்கத்துக்கு ஒரு வரலாறும் இருக்கிறது. 1954-ல் அமெரிக்காவில் ஃப்ரெட்ரிக் வெர்த்தம் என்ற மனநல மருத்துவர், சிறுவர்கள் கெட்டுப்போகக் காமிக்ஸ் ஒரு காரணம் என்று புத்தகமே எழுதினார். செனட் குழு விசாரித்தது. பதிப்பாளர்கள் பயந்துபோய் அதே ஆண்டில் தங்களுக்குத் தாங்களே ஒரு தணிக்கை விதித்தொகுப்பை மாட்டிக்கொண்டார்கள். ஆய்வாளர் கரோல் டில்லி, வெர்த்தமின் சொந்தக் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்து, அவர் பல சாட்சியங்களைத் திரித்தும் மிகைப்படுத்தியும் எழுதியிருந்ததை 2012-ல் வெளியிட்டார். அதற்குள் அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடிவிட்டது.

அதற்காக, காமிக்ஸ் என்றாலே பிள்ளைகள் கையில் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. பெரியவர்களுக்கென்றே வரைந்தவை ஏராளம். நீங்கள் முதலில் படித்துவிட்டுக் கொடுங்கள், அவ்வளவுதான்.

இனி, காமிக்ஸை வைத்துப் பாடம் நடத்த நினைப்பவர்களின் தவறு. எனக்கு அதிகம் எரிச்சல் தருவது இதுதான். பாடப்புத்தகப் பத்தியை அப்படியே வெட்டி, ஒரு மாமா தலைக்கும் ஒரு சிறுவன் தலைக்கும் பலூன் கட்டிப் பகிர்ந்து கொடுத்துவிடுவார்கள். "சைக்கிள் பிரேக் எப்படி வேலை செய்கிறது மாமா?" "நல்ல கேள்வி!" என்று ஆரம்பித்துப் பன்னிரண்டு கட்டங்களுக்கு இரண்டு தலைகளும் பேசிக்கொண்டே இருக்கும். படத்தை எடுத்துவிட்டாலும் எதுவும் குறையாது. இதையே இப்படி வரையலாம்: ஒரு விரல் பிரேக் பிடியை இழுக்கிறது. அடுத்த கட்டத்தில், தொய்ந்திருந்த ஒயர் விறைப்பாகிறது. அடுத்து, சக்கரத்தின் இரண்டு பக்கமும் உள்ள பிரேக்கின் கைகள் உள்ளே நெருங்குகின்றன. கடைசியில் பிரேக் கட்டை ரிம்மைக் கவ்வுகிறது. நான்கே கட்டம்தான், வசனமாக ஒரு 'கிரீச்' போதும்.

இது தெரிந்துதான் அமெரிக்க ராணுவம் 1951-ல் வாகன, தளவாடப் பராமரிப்புக்கென்று தொடங்கிய மாத இதழுக்கு வில் ஐஸ்னர் என்ற காமிக்ஸ் ஓவியரைப் பிடித்துப் போட்டது. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அவர் அதற்கு வரைந்தார். படித்தவர்கள் வளர்ந்த சிப்பாய்கள். எங்கே எண்ணெய் விடுவது, எந்த நட்டை முறுக்குவது என்ற விஷயங்களில் அலங்காரத்துக்கு இடமில்லை.

ஆனால் எல்லாப் பாடத்தையும் கட்டம் போட்டு வரையத் தேவையில்லை. நீளமான கணித நிரூபணத்துக்கு ஒரு வெள்ளைத்தாளே போதும்.

"எனக்கு வரையவே வராது" என்று ஒதுங்குபவர்களுக்கு ரொடால்ஃப் டோப்ஃபரைச் சொல்ல வேண்டும். ஜெனீவாவில் விடுதிப் பள்ளி நடத்திய ஆசிரியர். அப்பா ஓவியர், இவருக்குக் கண்ணில் குறை என்பதால் ஓவியராக முடியவில்லை. 1827 வாக்கில் தன் மாணவர்களைச் சிரிக்க வைக்கக் கோணல்மாணலான கோடுகளில் படக்கதை வரைந்தார். ஜெர்மன் கவிஞர் கதே தன் வயதான காலத்தில் அவற்றைப் பார்த்து ரசித்தார். 1830-களில் அவை அச்சேறின. இன்று நவீன காமிக்ஸின் முன்னோடி என்று பலர் கைகாட்டுவது இந்த வாத்தியாரைத்தான். குச்சி மனிதர்களே போதும். யார், எங்கே, என்ன செய்கிறார் என்பது தெரிந்தால் சரி.

ஒரு தவறை மட்டும் பலர் தவறென்றே உணர்வதில்லை: வரைந்திருப்பதெல்லாம் நடந்தது என்று நம்புவது. "அரசர் உள்ளே வந்தார்" என்று எழுதுபவர் அதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஓவியரால் முடியாது. கதவு எப்படி, செருப்பு எப்படி, பக்கத்தில் நின்றது யார் என்று எல்லாவற்றையும் அவர் முடிவுசெய்தாக வேண்டும். அதில் பாதி ஊகமாகவே இருக்கும், ஆனால் கோடாக விழுந்துவிட்டால் ஊகமும் உண்மைபோலவே தெரியும். யூத இனப்படுகொலையில் தப்பிப் பிழைத்த தன் தந்தையின் கதையை ஆர்ட் ஸ்பீகல்மன் வரைந்த 'மவுஸ்', 1992-ல் புலிட்சர் சிறப்பு விருது பெற்றது. அதில், ஆஷ்விட்ஸ் முகாம் வாசலில் கைதிகளின் இசைக்குழு வாசித்ததற்கு ஆவணம் இருக்கிறது என்கிறார் மகன். அப்படி எதுவும் எனக்கு ஞாபகமில்லை, அணிவகுத்து நடந்தது மட்டும்தான் தெரியும் என்கிறார் அப்பா. ஸ்பீகல்மன் இசைக்குழுவை வரைகிறார். மறுபடி வரையும்போது நடந்துபோகும் கைதிகள் அதை மறைத்துவிடுகிறார்கள், இசைக்கருவிகளின் நுனி மட்டும் பின்னால் எட்டிப் பார்க்கிறது. ஆவணமும் ஞாபகமும் மோதுவதை இத்தனை சின்ன இடத்தில் காட்டிய வேறொன்றை நான் பார்த்ததில்லை. வரலாற்றுக் காமிக்ஸ் படிக்கும்போது "இது ஓவியருக்கு எப்படித் தெரியும்?" என்று ஒரு கட்டத்துக்காவது கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக என் தவறு. அந்தக் குடைக் கேள்வி. படித்து முடித்தவுடன் பரீட்சை வைத்தால் யாருக்குத்தான் பிடிக்கும்? அதற்குப் பிறகு இரண்டு வாரம் என் கண்ணெதிரே அவன் காமிக்ஸையே எடுக்கவில்லை. இப்போது நான் எதுவும் கேட்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கூடவே படிக்கிறேன். நான் மெதுவாகப் பார்ப்பேன். "திருப்பட்டுமா மாமா, திருப்பட்டுமா" என்று அவன் பக்கத்தின் நுனியைப் பிடித்துக்கொண்டே இருப்பான்.