செஸ் கல்யாணத்துக்கு மேடையில் ஒரு டிரா

செஸ் ஆடுகிற பெண்ணும் செஸ் ஆடுகிற பையனும் கல்யாணம் செய்துகொள்ளும்போது மேடைக்குப் பின்னால் கருப்பு வெள்ளைத் துணி கட்டினால் மட்டும் போதாது. வந்தவர்கள் நாலு காய் நகர்த்திவிட்டுப் போக வேண்டும். நீடாமங்கலத்தில் என் அக்கா மகளின் கல்யாணத்தை அப்படித்தான் நடத்தினோம். ஐயர், ஓமம், முகூர்த்த நேரம் எதுவும் இல்லாத சுயமரியாதைத் திருமணம். நான் பிள்ளைகளுக்கு செஸ் சொல்லிக்கொடுக்கிறவள் என்பதால் ஏற்பாடெல்லாம் என்னிடம் வந்தது. அதே மாதிரி நடத்த நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடுங்கள். இருவரும் இந்து திருமணச் சட்டத்துக்குள் வருபவர்கள் என்றால் தமிழ்நாட்டில் 7ஏ பிரிவு போதும். அண்ணா முதல்வராக இருந்தபோது, 1967-இல், நிறைவேறிய திருத்தம் அது. உறவினர், நண்பர்கள் முன்னிலையில், தங்களுக்குப் புரிகிற மொழியில், ‘இவரை என் கணவராக ஏற்கிறேன்’, ‘இவரை என் மனைவியாக ஏற்கிறேன்’ என்று சொல்லலாம். அல்லது மாலை மாற்றலாம், மோதிரம் அணிவிக்கலாம், தாலி கட்டலாம். இதில் ஒன்று இருந்தாலே கல்யாணம் செல்லும். இருவரும் வெவ்வேறு மதம் என்றால் 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்துக்குப் போக வேண்டும். அதற்கு 30 நாள் நோட்டீஸ் உண்டு. எனவே மண்டபத்துக்கு முன்பணம் கட்டும் முன்பே பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்விடுங்கள்.

அடுத்து மேடை. எங்களுக்குப் பக்கத்தில் பூவனூரில் சதுரங்க வல்லபநாதர் கோயில் இருக்கிறது. சிவன் சதுரங்கத்தில் ஜெயித்து ராஜகுமாரியை மணந்தார் என்பது தலபுராணம். அம்மா அதையே மேடையில் நடத்தலாமே என்றார். கதை எனக்கும் பிடிக்கும். ஆனால் ஜெயித்தவர் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போவது, சரிசமமாக வாழ்வோம் என்று உறுதிமொழி சொல்லப்போகிறவர்களுக்குப் பொருந்தாது. மாப்பிள்ளை மேட் வைத்து ஜெயித்தாலும் சரி, பெண் ஜெயித்தாலும் சரி, கூட்டத்தில் யாராவது ‘இனி வீட்டில் யார் ராஜ்யம் தெரிந்துவிட்டது’ என்று ஆரம்பித்துவிடுவார்கள். டிராவில் முடிகிற ஆட்டம்தான் வேண்டும்.

அப்படி ஒரு அருமையான ஆட்டம் இருக்கிறது. 1872-இல் வியன்னாவில் கார்ல் ஹாம்பேயும் ஃபிலிப் மைட்னரும் ஆடியது. (இந்த மைட்னர்தான் இயற்பியலாளர் லிசே மைட்னரின் அப்பா.) ஆளுக்கு 18 நகர்த்தல்தான். மூன்றாவது நகர்த்தலிலேயே கருப்பு தன் பிஷப்பைக் கொடுத்து வெள்ளை ராஜாவை வெளியே இழுக்கிறது. ஒன்பதாவதில் ராணியையே கொடுக்கிறது. வெள்ளை ராஜா பலகையைக் கடந்து எதிராளியின் பக்கத்துக்கே போய் நிற்கிறது. அங்கே கருப்பின் இன்னொரு பிஷப் ஒரு கட்டத்திலிருந்து செக், அடுத்த கட்டத்திலிருந்து செக் என்று மாறி மாறி வைக்கிறது. பி7 கட்டத்தில் நிற்கும் அந்த பிஷப்பை வெட்டினால் வெள்ளை மேட் ஆகிவிடும். விட்டால் செக்குக்கு முடிவே இல்லை. இருவரும் கை குலுக்கி எழுந்துகொள்ள வேண்டியதுதான். எங்கள் கல்யாணத்தில் அந்தக் கைகுலுக்கல் முடிந்ததும் கையை விடாமலேயே உறுதிமொழி சொன்னார்கள்.

பெண்ணும் மாப்பிள்ளையும் நகர்த்தல்களை முன்கூட்டியே பழகிக்கொள்ளட்டும். யாருக்கு வெள்ளை என்பதை மட்டும் மேடையில் முடிவு செய்யுங்கள். ஒரு குழந்தை ஒரு கையில் வெள்ளைச் சிப்பாயையும் மறு கையில் கருப்புச் சிப்பாயையும் மறைத்து நீட்டினால் போதும். மேஜைப் பலகை கூட்டத்துக்குத் தெரியாது. செஸ் வகுப்புகளில் சுவரில் மாட்டுகிற காந்த டெமோ போர்டு ஒன்றை இரவல் வாங்கி, ஒருவர் பக்கத்தில் நின்று காய்களை நகர்த்தட்டும். இன்னொருவர் மைக்கில் எளிமையாகக் கதை சொல்லட்டும். ராணி வெட்டுப்பட்டபோது செஸ்ஸே தெரியாத சமையல்காரர் கரண்டியோடு வாசலில் நின்று ‘ஐயோ’ என்றார்.

அலங்காரத்தில் ஒன்றை மட்டும் நீங்களே போய்ப் பாருங்கள். ஆடுபவரின் வலது கை மூலையில் வெள்ளைக் கட்டம் வர வேண்டும். வெள்ளை ராணி வெள்ளைக் கட்டத்தில், கருப்பு ராணி கருப்புக் கட்டத்தில். அலங்காரக்காரர்களுக்கு இது தெரியாது. வருகிற ஆட்டக்காரர்களின் கண் முதலில் அங்கேதான் போகும். வாசல் கோலத்துக்கும் இதே கணக்குதான்: மாவும் காவியும், எட்டுக்கு எட்டு. கல்யாணத்தில் கருப்பு ஆகாது என்று பெரியவர்கள் வருத்தப்பட்டால் பிடிவாதம் வேண்டாம். மரப்பலகையின் பழுப்பும் சந்தனமும் புடவைக்கும் சட்டைக்கும் இன்னும் எடுப்பாக இருக்கும்.

இனிப்பிலும் பலகை வைக்கலாம். தேங்காய் பர்ஃபியும் கருப்பட்டி மைசூர்பாகும் ஒரே கனத்தில் தட்டுகளில் ஊற்றச் சொல்லுங்கள். மைசூர்பாகை இளஞ்சூட்டிலேயே கீறிவிட வேண்டும், ஆறினால் உடையும். ஒன்றேகால் அங்குலச் சதுரமாக ஒவ்வொன்றிலும் 32 துண்டு எடுத்தால், பத்து அங்குலத் தட்டில் 64 கட்டமும் அடங்கும். சாப்பாட்டில் வேறு எதையும் செஸ் ஆக்க வேண்டாம். சாம்பார் சாம்பாராக இருக்கட்டும்.

சாப்பாட்டுக்கூடத்துக்குப் போகிற வழியில் ஆறு மேஜை போடுங்கள். சுருட்டி வைக்கிற பலகைகள் போதும். கடிகாரத்தில் மூன்று நிமிடம், நகர்த்தலுக்கு இரண்டு வினாடி கூடுதல் என்று வைத்தால் யாரும் நெடுநேரம் காத்திருக்க வேண்டியதில்லை. மாலையில் பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரே அணியாக உட்கார்ந்து ‘கையும் மூளையும்’ ஆடட்டும். ஒருவர் ‘குதிரை’ என்று காயின் பெயரை மட்டும் சொல்வார், எந்தக் குதிரை, எங்கே என்பதை மற்றவர் முடிவு செய்து நகர்த்துவார். இடையில் பேசக் கூடாது. அடுத்த ஆட்டத்தில் மாற்றிக்கொள்ள வேண்டும். தாய்மாமன்கள் வரிசைகட்டி வந்து இவர்களை எதிர்த்து ஆடினார்கள். மொய்க்குப் பதிலாக ஆளுக்கொரு செஸ் செட் கேட்டிருந்தோம். அவை ஊர் அரசுப் பள்ளிக்குப் போயின.

அழைப்பிதழில் ஒரு நகர்த்தலில் மேட் வைக்கும் புதிர் போடுங்கள், பிள்ளைகள் உடனே கண்டுபிடிப்பார்கள். ஆனால் பெயர்கள், தேதி, இடம் மூன்றையும் சாதாரண எழுத்தில் தெளிவாக அச்சிடுங்கள். திருமணத்தை 90 நாட்களுக்குள் பதிவு செய்யப் போகும்போது அந்த அழைப்பிதழைத்தான் ஆதாரமாகக் கேட்பார்கள்.