கோணல் பீங்கான் தட்டு: எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்

நல்ல வடிவமைப்பாளர் செய்த பீங்கான் தட்டைக் கையில் எடுத்தால் விளிம்பு லேசாக நெளிந்திருக்கும், மெருகில், அதாவது மேலே பூசிய கண்ணாடிப் பூச்சில், ஒன்றிரண்டு கரும்புள்ளி தெரியும், விலை மட்டும் தலை சுற்றவைக்கும். இவ்வளவு கொடுத்துக் குறையுள்ள பொருளையா வாங்குவது என்று பலரும் கேட்கிறார்கள். தாராளமாக வாங்கலாம், ஆனால் அது எந்த வகைக் குறை என்று பார்த்து வாங்க வேண்டும்.

கோணல் எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. கயோலின் என்ற வெள்ளைக் களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் என்ற இரண்டு கனிமங்கள், இவை மூன்றும் சேர்ந்ததுதான் பீங்கான். சூளைச் சூடு 1300 டிகிரி செல்சியஸ் பக்கம் ஏறும்போது ஃபெல்ட்ஸ்பார் உருகிக் கண்ணாடியாகி மற்றதையெல்லாம் பிடித்துக்கொள்ளும், அந்த நேரத்தில் தட்டே கொஞ்சம் இளகித்தான் நிற்கும், ஈரமாக இருந்த அளவிலிருந்து பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கியும் போகும். பச்சை மண்ணாக இருக்கும்போது ஒரு பக்கம் வளைந்துவிட்டால், அதை நிமிர்த்திக் காயவைத்தாலும் சூளைக்குள் போனதும் பழைய வளைவு திரும்பி வந்துவிடும்.

இந்தக் குணத்தைத்தான் டச்சு வடிவமைப்பாளர் ஹெல்லா யோங்கேரியஸ் 1990-களின் பிற்பகுதியில் பயன்படுத்திக்கொண்டார். நெதர்லாந்தில் மக்கும் (Makkum) என்ற ஊரிலுள்ள ராயல் டிகெலார் பீங்கான் நிறுவனத்துக்காக அவர் செய்த ‘பி-செட்’ பாத்திரங்களை வேண்டுமென்றே தேவைக்கு மேல் சூடேற்றிச் சுட்டார்கள். அதனால் ஒரே அச்சில் வந்த தட்டுகள்கூட ஒவ்வொன்றும் ஒரு விதமாக நெளிந்தன. என்னைக் கேட்டால் பீங்கானுக்கு இதைவிட நேர்மையான அழகு இல்லை: நெருப்பு செய்த வேலை அப்படியே கண்ணுக்குத் தெரிகிறது.

சரி, கடையில் என்ன பார்ப்பது?

தட்டைச் சமதளத்தில் வைத்து விளிம்பில் ஒரு விரலால் அழுத்துங்கள். விளிம்பு எப்படி வேண்டுமானாலும் அலையலாம், அடி மட்டும் ஆடக் கூடாது. கரண்டி வைத்தால் தட்டு சாய்கிறது என்றால் அது சாப்பாட்டுக்கு ஆகாது. அப்புறம் அதை விரல்நுனிகளில் தாங்கிக்கொண்டு, மண்பானை வாங்கும்போது செய்வதுபோல விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் நல்லது, மந்தமான சத்தம் வந்தால் எங்கேயோ விரிசல் ஒளிந்திருக்கிறது. மெல்லிய பீங்கானை விளக்குக்கு எதிரே பிடித்தால் வெளிச்சம் ஊடுருவும், விரிசல் இருந்தால் பெரும்பாலும் கோடாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

கடைசியாக விரலை மெதுவாக உட்பக்கம் முழுக்க ஓட்டுங்கள். மண்ணிலிருந்த இரும்புத் துகள் மெருகுக்கு அடியில் புள்ளியாகத் தெரிந்தால் ஒரு கெடுதலும் இல்லை, எனக்குப் பிடித்ததே அதுதான். ஆனால் வெடித்த குமிழி கூர்மையாக விரலில் இடறினால் விட்டுவிடுங்கள். அடிவளையத்தில் மெருகு இல்லாமல் சொரசொரவென்று இருப்பது குறையே இல்லை. அங்கே மெருகு பூசினால் உருகிச் சூளைப் பலகையோடு ஒட்டிக்கொள்ளும். மேசையைக் கீறுகிறது என்றால் வாட்டர் பேப்பர் என்ற உப்புத்தாளை நனைத்து ஒரு தேய் தேய்த்தால் போதும்.

மெருகில் வலைபோல ஓடும் நுண்விரிசல் வேறு கதை. சூளையிலிருந்து ஆறும்போது மெருகு அடியிலுள்ள பீங்கானைவிட அதிகம் சுருங்குவதால் வருவது அது. சீனாவில் சோங் அரச மரபின் காலத்துக் குவான் சூளைகளில் அதையே அழகாகப் போற்றினார்கள். அலமாரியில் வைக்க வாங்குங்கள், தினம் குழம்பு ஊற்ற வேண்டாம், மஞ்சளும் எண்ணெயும் இறங்கிவிடும்.

ஜெர்மனியின் மைசென் தொழிற்சாலையில் செய்த பழைய பீங்கான் வாங்குபவர்கள் அடியிலுள்ள குறுக்கு வாள் முத்திரையைப் பாருங்கள். வாள்களைக் குறுக்கே வெட்டிக் கீறல் போட்டிருந்தால் பெரும்பாலும் தொழிற்சாலையே அதை இரண்டாம் தரமாக ஒதுக்கியது என்று பொருள், அதற்கேற்ற விலைதான் தர வேண்டும்.

வீட்டில் அடுக்கும்போது நெளிந்த தட்டுகள் சரியாகப் பொருந்தாது, இடையில் துணி போடுங்கள், இல்லையென்றால் மேல்தட்டின் அடிவளையம் கீழ்த்தட்டைக் கீறும். முள்கரண்டி இழுத்த சாம்பல்நிறக் கோடுகளைப் பார்த்துப் பதறாதீர்கள். பெரும்பாலும் அது கீறல் இல்லை, மெருகில் ஒட்டிய உலோகம்தான். சமையல் சோடாவைக் குழைத்துத் தேய்த்தால் போய்விடும். தங்க விளிம்பு உள்ளதையும், உடைந்தபின் தங்கப்பொடி வைத்து ஒட்டிய கின்ட்சுகி கிண்ணத்தையும் மைக்ரோவேவில் வைக்கவே கூடாது. ஒட்டியது உருஷி என்ற மரப்பால் அரக்கா, எபாக்சி என்ற செயற்கைப் பசையா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். எபாக்சி என்றால், உணவுக்கு ஏற்றது என்று அதன் உறையில் எழுதியிருக்காத வரை அதில் சாப்பிடாதீர்கள்.